ஆறு கட்டி ஈயம்

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனுக்குச் சோறு தின்பதைத் தவிர வாய் எதற்கு? நம்ம ஆளுக்கு வேலையும் மாமனாரிடம்தான். துறைமுகத்தில் நிற்கும் சரக்குப் படகுகளின் அடியில் முங்கிச் சிப்பி சுரண்டும் வேலை. இவன் முங்குவான், மாமனார் தோணியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவார்.

போன வாரம் வரை முதுகில் ஒரு இரும்புத் தகடு, அதில் காற்றுப் பை, சிலிண்டர். தகடே நல்ல கனம் என்பதால் இடுப்பு வாரில் ஆறு ஈயக் கட்டி கோத்தால் போதும், சுகமாக இறங்குவான். கல்யாண நாளுக்கு மாமனாரும் மாமியாரும் தகட்டுக்குப் பதிலாக, சிலிண்டரை மாட்டி முதுகில் போட்டுக்கொள்ளும் புது ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். மெத்தை வைத்துத் தைத்தது. தகடும் போச்சு, மெத்தை வேறு மிதக்கும். இன்னும் மூன்று கட்டியாவது கூட்ட வேண்டும். தோணி ஓரமாகத் தண்ணீரில் இறங்கி மூச்சு முழுவதையும் விட்டுப் பார்த்தான். தலை முங்கவே இல்லை.

ஈயப் பெட்டி மாமனார் காலடியில் இருந்தது. கேட்டால் என்ன என்கிறீர்களா? சாப்பாட்டில் உப்பு கம்மி என்று ஒருநாள் சொல்லிவிட்டு, மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்தவன் அவன். ஆனாலும் துணிந்தான்.

"மாமா, இந்த ஜாக்கெட் கொஞ்சம் லேசா..."

"லேசாத்தான் இருக்கும்! உங்க அத்தை கடை கடையா ஏறி இறங்கி எடுத்ததாச்சே. ஏன், புடிக்கலையா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல மாமா."

"அப்புறம் என்ன? ஆறு கட்டி. நான் முங்குன காலத்துலேருந்து அதுதான் கணக்கு. போங்க மாப்பிள்ளை."

போனான். தலைகீழாகக் காலை உதைத்து உதைத்து எப்படியோ படகின் அடிக்குப் போய்ச் சேர்ந்தான். வேலை முடிகிறவரை ஒரு கையால் சுரண்டி, மறு கையால் படகின் அடியைத் தள்ளிப் பிடித்தபடி இருந்தான். காற்று குறையக் குறைய சிலிண்டரும் லேசாகும். வெளியே வரத் திரும்பினான், அவ்வளவுதான்! உடம்பு மேலே எழும்பி, முதுகு படகின் அடியில் போய் அப்பிக்கொண்டது. ஜாக்கெட்டின் பிடரியில் ஒரு கைப்பிடி உண்டு. அது படகில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டில் மாட்டிக்கொண்டது.

ஒரு சாண் கீழே இறங்கினால் கழன்றுவிடும். அந்த ஒரு சாண்தான் கிடைக்கவில்லை. உதைத்து இறங்குவான், கையைப் பின்னால் கொண்டுபோவதற்குள் பாழாய்ப்போன மெத்தை அவனை மறுபடி மேலே ஒட்டிவிடும். கால் ஊன்ற ஒன்றுமில்லை. சுற்றிலும் கலங்கிய பச்சை இருட்டு. காற்று காட்டும் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. மூன்று கட்டி ஈயம் கேட்க வாயில்லாமல் சாகிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிழைத்தால் முதல் வேலையாக அந்த மனுஷனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியாக ஒரு மூச்சு இழுத்தான். கொக்கிகளை அவிழ்த்தான், தோளை உருவினான். ஜாக்கெட் மேலேயே தங்கியது. இடுப்பு ஈயம் அவனைச் சேற்றுக்கு இழுத்தது. சேற்றில் ஊர்ந்து படகைத் தாண்டியதும் வாரையும் அவிழ்த்துவிட்டு, மூச்சை விட்டபடியே மேலே வந்தான்.

மாமனார் அவனை அக்குளில் கைகொடுத்துத் தோணிக்குள் இழுத்துப் போட்டார். போட்டவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "என் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் மாப்பிள்ளை!" அந்த மனுஷன் அழுது அவன் பார்த்ததே இல்லை.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"ஈயம்..." என்றார் அவர். "நான் போட்ட கணக்கு சரியாத்தானே இருந்துச்சு?"

கேட்டே விட்டார். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தான்.

"சரியாத்தான் இருந்துச்சு மாமா. கைப்பிடிதான் மாட்டிக்கிச்சு."

"அதானே பாத்தேன்!" மாமனாருக்கு மூச்சு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, பெட்டியிலிருந்து வேறு வார் எடுத்து ஒவ்வொன்றாக ஆறு கட்டியைக் கோத்தார். "ஜாக்கெட்டை ஆள் வெச்சு எடுத்துரலாம். நாளைக்குச் சீக்கிரமே வந்துருவோம்." வாரை அவன் மடியில் வைத்து, தலையை வாஞ்சையாகத் துவட்டிவிட்டார்.