சாயங்காலக் கால்

பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தவள் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துபோனாள். அங்கேதான் வினை வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அந்தச் சீட்டைக் கண்ணருகே வைத்துப் படித்தான், தள்ளிப் பிடித்துப் படித்தான், அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏய், இது ஷூ விலையா, இல்ல கடை விலையா?"

"ஷூ விலைதாங்க. ரெண்டு காலுக்கும் சேர்த்து."

சத்தம் கேட்டு மாடியிலிருந்து அவனுடைய அக்கா இறங்கி வந்தாள். அவளுக்கு வீட்டில் பாதிவிலை என்று பெயர். எந்தக் கடைக்குப் போனாலும் பேச்சையே பாதி விலையில்தான் தொடங்குவாள். சலவைக்கடையில் நாளெல்லாம் நின்றபடி இஸ்திரி போடுகிறவள். கை ஓய்ந்தாலும் ஓயும், வாய் ஓயாது.

"அடிப்பாவி! இந்தக் காசுக்கு நான் ஒரு மூட்டையே வாங்கியிருப்பேனே!" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

"நீங்க வாங்கின மூட்டைதான் மாடிப்படிக்குக் கீழ கிடக்கே அண்ணி."

அதில் பொய்யில்லை. தள்ளுபடி என்று எங்கே போர்டு தொங்கினாலும் பாதிவிலை உள்ளே நுழைந்து தனக்கொரு ஜோடி, தம்பி பெண்டாட்டிக்கு ஒரு ஜோடி என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒன்று அடிப்பாகம் பிளந்து ஆவென்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒன்று நடந்தால் கீச்சுக்கீச்சென்று கத்தும். இன்னொன்றைப் பசை போட்டு ஒட்டி ஒட்டி இப்போது பசைதான் அதிகம், ஷூ கொஞ்சம். ஆனால் ஒன்றையும் தூக்கிப்போட விடமாட்டாள். காசு கொடுத்து வாங்கினதாச்சே என்பாள். கெட்டுப்போனதை வைத்துக்கொள்வதற்கும் ஒரு காரணம் வேண்டுமே!

தம்பி பெண்டாட்டியை எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பார்லரில் முடி வெட்டுவதாலா, பேச்சில் வெட்டுவதாலா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். அவள் ஒன்றும் சும்மா ஆசைப்பட்டு இதை வாங்கவில்லை. சில மாதமாகவே வலது குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி வலி. வலிக்கிற காலைத் தூக்கி, பாரத்தை இடதுகாலில் போட்டு நின்று வெட்டுவாள். உடம்பு சாய்ந்தால் கத்திரிக்கோல் சாயாதா? போன வாரம் வெட்டிக்கொண்டு போன பல் டாக்டரம்மா மறுநாளே திரும்பி வந்து, "ஒரு பக்கம் காதைத் தொடுது, ஒரு பக்கம் தோளைத் தொடப் பார்க்குது. இது என்ன புது ஸ்டைலா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

முதலாளியம்மா நல்லவள்தான், திட்டவில்லை. அன்று கடை மூடும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்க்கறேன். கால் சரியாகலைன்னா கல்லாவுல உட்கார்ந்துக்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

எல்லாருக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. "உட்கார்ந்த இடத்துல சம்பளம், கசக்குதா?" என்றான் கணவன். கத்திரிக்குக் கசந்தது. ஜன்னலோரத்து நாற்காலியும் கையிலிருந்த கத்திரிக்கோலும் அவள் பாடுபட்டுப் பிடித்தவை. தரை கூட்டுகிறவளாக நுழைந்து, அடுத்தவள் கையைப் பார்த்துப் பார்த்துத் தொழில் படித்து வந்தவள். பில் போடுவதற்கா இத்தனை பாடு? சாகிறவரைக்கும் நின்றுதான் வெட்டுவேன் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். அடுத்த லீவு நாள் காலையிலேயே எழுந்து, தலைக்குக் குளித்து, இருப்பதிலேயே நல்ல ஷூ எந்தக் கடையில் என்று விசாரித்துக்கொண்டு போனாள். போட்டு நடந்து பார்த்ததில் கால் தரையிலேயே படாத மாதிரி இருந்தது.

முதல் நாள் வேலையில் மத்தியானம் வரைக்கும் சொர்க்கம். அதற்கப்புறம் சுண்டுவிரல் முனகத் தொடங்கியது. சாயங்காலம் ஆனபோது விரல்கள் ஐந்தும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு அலறின. குதிகால் வலி குறைந்திருந்தது உண்மைதான், ஆனால் முன்கால் அதற்கு வட்டி போட்டு வாங்கியது. வீட்டுக்கு வந்து வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

கேட்கவா வேண்டும்! பாதிவிலை படியிலேயே காத்திருந்தாள். "நான் சொன்னேன்ல? விலை அதிகம்னா நல்லதுன்னு அர்த்தமா? காசைக் கரியாக்கிட்டு வந்து நிக்கறியே."

கத்திரியை ஷூவைவிட அந்த 'சொன்னேன்ல'தான் அதிகமாகக் கடித்தது. வாங்கியிருக்கவே கூடாது என்று ராத்திரி முழுக்கத் தன்னைத்தானே நொந்துகொண்டாள். ஆனாலும் அடுத்த லீவு நாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகக் கடைக்குப் போனாள்.

"கடிக்குதுங்க. மாத்திக் கொடுங்க."

கடைக்காரர் குனிந்து முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தார், பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். "நடங்கம்மா" என்றார். நடந்தாள். கடிக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தாள். பாழாய்ப்போன ஷூ பூ மாதிரி இருந்தது!

"எங்கம்மா கடிக்குது?"

"இப்ப... இப்ப கடிக்கலை."

கடையிலிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கத்திரிக்கு முகம் ஜிவுஜிவு என்று ஆகிவிட்டது. வாய் திறந்தால் எவரையும் விடாதவள், விடுவிடுவென்று படியிறங்கி வந்தாள். அப்படி ஒரு அவமானம் அவளுக்கு எந்தக் காலத்திலும் நேர்ந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் பார்லரில் அதே நேரத்துக்கு அதே கடி. ஆள் இல்லாத சமயம் பார்த்து ஷூவைக் கழற்றி, தன் காலை முறைத்துப் பார்த்தாள். லேஸ் போன இடமெல்லாம் தடம். பக்கவாட்டில் சதை பிதுங்கியிருந்தது. காலையில் இப்படி இல்லையே! எழுந்ததும் எலும்பும் தோலுமாக இருந்த கால் இது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாள் முழுக்க நின்றால் கால் உப்பும். இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நின்றே பிழைக்கிறவளுக்குக் கடைக்குப் போக நேரம் கிடைப்பது லீவு நாள் காலையில்தான். தூங்கி எழுந்து, இளைப்பாறி, சுருங்கிப்போன காலைக் கொண்டுபோய் நீட்டி, இதுதான் என் கால் என்று அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

வேலை முடிந்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. யாரோ ஒருத்தியின் முடித்துணுக்கு தோளில் ஒட்டியிருக்க, நேராகக் கடைக்குப் போய்க் காலை அளவுப்பலகையில் வைத்தாள்.

"இப்ப அளங்க."

கடைக்காரர் அளந்தார். தலையைச் சொறிந்தார். இன்னொரு தடவை அளந்தார். "நேத்து வந்த கால் இல்லையேம்மா இது? ஒரு சைஸ் கூடுதே."

"அதே கால்தாங்க. நேத்து அதுக்கு லீவு, இன்னைக்கு வேலை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் உள்ளே போய் ஒரு சைஸ் பெரியதை எடுத்துவந்து போட்டுவிட்டார். வீங்கிய கால் தன் வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போனது. ஆனால் பழையதை மாற்றித்தர முடியாது என்றார். "அடி தேய்ஞ்சிருக்கே. நான் இதை யார் கால்ல மாட்டறது?" அவர் சொல்வதில் தப்பில்லை. அளவு கொடுத்தது இவள்.

"இந்தப் பெரிய ஜோடியை யாருக்கும் கொடுத்துடாதீங்க. நாலு நாள்ல வர்றேன்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான்.

"தண்டத்துக்கு மேல இன்னொரு தண்டமா? ஒரு தடவை ஏமாந்தது போதும், விட்டுடேன். கல்லாவுல உட்காரு, பழைய செருப்பே போதும்."

"முதல்ல வாங்கினது தப்பு இல்லைங்க. அளவுதான் தப்பு. அளவு தப்புன்னு தொழிலையே விட்டுட முடியுமா? இந்த ஜோடியை வித்துட்டு அதை வாங்கறேன்."

"யாருகிட்ட விப்ப?"

அது அவளுக்கே தெரியாது. பார்லரில் கேட்டுப் பார்த்தாள். விலையைக் கேட்டதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஷூவைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தவள் லேஸைப் பார்த்தாள். அவள் எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுகிறவள். இதில் ஒற்றை முடிச்சு இருந்தது. ஷூ உள்ளே இளஞ்சூடாகவும் இருந்தது. யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

மறுநாள் பார்லரில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்குப் பக்கத்தில் சத்தம் காட்டாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மாடிக் கதவு திறந்தது. வழக்கமாக வரும் கீச்சுக்கீச்சு வரவில்லை. மெத்து மெத்தென்று ஒரு நடை படியில் இறங்கி வந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணி?"

பாதிவிலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குப்பை... குப்பை போடப் போறேன்."

"கையில குப்பையே இல்லையே."

"அதான் எடுக்க மேல போகணும்னு நினைச்சேன். சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்டி, அதுக்குப் போய்..."

"பிடிச்சிருந்தா வாங்கிக்கங்க."

நாத்தனாரின் முகத்தில் உடனே கடைத்தெரு வந்துவிட்டது. "சரி, பாதி தர்றேன்."

"முழு விலை."

"நீ போட்டுத் தேய்ச்சதுக்கு முழு விலையா? வெளியில சொன்னா சிரிப்பாங்க!"

கொஞ்சம் அநியாயம்தான், கத்திரிக்கும் அது தெரியும். ஆனால் மாசம் முடியப் போகிறது, ஜன்னலோரத்து நாற்காலி கையை விட்டுப் போகப் போகிறது. அவள் அசையவில்லை.

"வேண்டாம்னா கழட்டிடுங்க அண்ணி. வேற ஆள் பார்க்கறேன்."

பாதிவிலை குனிந்து லேஸில் கையை வைத்தாள். கை அப்படியே நின்றது. கத்திரியின் காலைவிடச் சின்னக் கால் அவளுக்கு, ஷூ எங்கேயும் பிடிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, ஷூவைக் கழற்றாமலேயே மாடி ஏறினாள். இறங்கி வந்தபோது கையில் முழு விலை இருந்தது. உள்ளிருந்து எட்டிப் பார்த்த தம்பிக்கு வாய் மூடவில்லை. அக்கா ஒரு சாமானுக்கு முழு விலை கொடுத்து அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே, கடை மூடுவதற்குள், கத்திரி பெரிய ஜோடியை வாங்கிவிட்டாள்.

மாசக் கடைசி நாள் முதலாளியம்மா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள். நாள் முழுக்க ஆள் மேல் ஆளாக அனுப்பி, கடைசியில், எல்லார் கால்களும் ஓய்ந்த நேரத்தில், பல் டாக்டரம்மாவைக் கூட்டிவந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நீயே வெட்டு" என்றாள்.

கத்திரி இரண்டு காலையும் தரையில் சமமாக ஊன்றினாள். குதிகால் லேசாக வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டாள். ஆனால் நிற்க முடிந்தது. இடதுபக்கம் சாயாமல், நாற்காலியைப் பிடிக்காமல், பிடரியில் சீப்பை வைத்து ஒரே கோடாக வெட்டிக்கொண்டு போனாள். முடிந்ததும் முதலாளியம்மா பின்னால் வந்து குனிந்து, சீப்பைக் குறுக்கே பிடித்து ஒரு காதிலிருந்து மறு காதுவரை பார்த்தாள். பல் டாக்டரம்மா கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இது சரி" என்றாள்.

முதலாளியம்மா சீப்பைத் திருப்பிக் கொடுத்தாள். "கல்லாவுக்கு வேற ஆள்தான் தேடணும் போல."

வீட்டுக்கு வந்தபோது பாதிவிலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சலவைக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறாள். காலில் அந்த ஷூ. படிக்குக் கீழே இருந்த குவியல் ஒரு மூட்டையாகக் கட்டி வாசலில் கிடந்தது.

"என்னடி ஆச்சு?"

"நாற்காலி எனக்குத்தான் அண்ணி."

"அதானே! கடைக்காரன் எவ்வளவு குறைச்சான் ரெண்டாவது ஜோடிக்கு?"

"நான் கேட்கவே இல்லை."

"நாசமாப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பாதிவிலை. பிறகு கால்களை நீட்டி ஷூவைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள். "இத்தனை வருஷமா கால்னா வலிக்கத்தான் செய்யும்னு நினைச்சுட்டு இருந்தேன்டி."

கத்திரி நாத்தனாரின் ஒரு கால் லேஸ் அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து, கீழ்ப்படியில் உட்கார்ந்து அதைக் கட்டத் தொடங்கினாள்.

"இரட்டை முடிச்சாப் போடு" என்றாள் பாதிவிலை. "முழு விலை கொடுத்திருக்கேன்."