மிதந்துபோன ஒட்டகம்

எங்கள் ஒட்டகம் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் பட்டறைக் கதவுதான். நின்றால் கழுத்து வெளியே வராது. அதனால் அக்கா அதன் காலை மடக்கி உட்கார வைத்துவிட்டாள்.

எலும்பெல்லாம் பிளாஸ்டிக் குழாய். உடம்பு முழுக்கக் காலி பாட்டில். திமிலுக்குப் பெரிய தண்ணீர் கேன், இமைக்குப் பழைய டூத் பிரஷ். மூடிகளை இறுக்குவது என் வேலை. "உள்ள பூச்சி போச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்று அக்கா மிரட்டியதில், உள்ளங்கை சிவக்கச் சிவக்க முறுக்கினேன்.

ஊர்ச் சதுக்கத்தில் பழைய பொருளில் செய்த சிற்பங்களுக்கு ஒரு பூங்கா. அதன் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஒட்டகத்தைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோய்த் தாழ்வான ஒரு பீடத்தில் வைத்தோம். பக்கத்தில் வேறு யாரோ பாட்டிலில் செய்த ஒட்டகச்சிவிங்கி கம்பீரமாக நின்றது. பூங்கா அதிகாரி வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக் சார். தோளில் ஸ்பீக்கர் தொங்கும். பக்கத்தில் நிற்பவரிடமும் மைக்கில்தான் பேசுவார்.

"என்னம்மா, உட்கார்ந்திருக்கு?" தெருக்கோடி வரை கேட்டது.

"அலுப்பா இருக்கும் சார்" என்றாள் அக்கா.

"சும்மா உட்கார்ந்திருக்கிறதை யாரு பார்ப்பா? நாளைக்கு ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னா பிளாஸ்டிக் அரைக்கிற மிஷினுக்கு அனுப்பிடுவேன்."

அன்று அக்கா சாப்பிடவே இல்லை. "அந்த ஆளைத் தூக்கி மிஷின்ல போடணும்" என்று அம்மா கரண்டியை ஆட்டினாள்.

மறுநாள் விழா தொடங்கியதும் மழை கொட்டித் தீர்த்தது. சதுக்கம் பள்ளமான இடம். சாக்கடையும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது. ஜனமெல்லாம் சுற்றியிருந்த கடைப் படிகளில் ஏறிக்கொண்டது. மைக் சார் மட்டும் நடுவில், நாற்காலி மேல். "யாரும் பதற வேண்டாம்!" என்று பதறினார்.

அப்போதுதான் ஒட்டகம் கறமுறவென்று சத்தம் போட்டுப் பீடத்தை விட்டு எழும்பியது.

"ஐயோ, மிதக்குதுடி! மூடியை எப்படி முறுக்கித் தொலைச்சே?"

"நீதானே இறுக்கச் சொன்னே!"

ஒட்டகம் ஒரு சுற்றுச் சுற்றி, ஏதோ அவசர வேலை போல நேரே மைக் சாரிடம் போனது. நாற்காலி ஆடியது. அவர் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நாற்காலி கவிழ்ந்தது, சார் சவாரி கிளம்பிவிட்டார். படியிலிருந்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

அக்கா தண்ணீரில் குதித்தாள். வீட்டுக்கு யாராவது வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிற நானும் பின்னாலேயே குதித்துவிட்டேன். இருவரும் வாலைப் பிடித்தோம்.

"சார், இது மிஷினுக்கா, சதுக்கத்துக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"முதல்ல படிக்கட்டுக்கும்மா!" ஸ்பீக்கர் அலறியது. ஊரே சிரித்தது.

அக்கா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். வாலைத் திருப்பினோம். ஒட்டகம் மறுபடி நடுத்தண்ணீருக்குப் போனது.

"சதுக்கத்துக்கு! சதுக்கத்துக்குத்தான்! இங்கேயே இருக்கட்டும் தாயே!"

மைக்கில் சொன்னதால், அப்படிச் சொல்லவில்லை என்று மழுப்ப வழியில்லை. கைதட்டல் அடங்கவே இல்லை.

நனைந்த கோழியாக அவரைப் படியில் இறக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஒரு நீண்ட வரிசை. அடுத்த சவாரிக்காம். பிள்ளைகளை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு, குடையோடு முதல் ஆளாக நின்றாள் எங்கள் அம்மா.

"என்னடி முழிக்கிறீங்க? கிட்ட கொண்டாங்க. நான் ஏற வேணாமா?"