ஊசியைத் தூக்காதே, பாரூக்

1

முகமது பாரூக் சைக்கிளை மிதிக்கிறான். சட்டைக்குள், வெறும் மார்போடு ஒட்டி, துண்டில் சுற்றிய ஓர் இசைத்தட்டு. பின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய கிராமபோன் பெட்டி. சிறுமலை அடிவாரத்திலிருந்து திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு ஆறு மைல். மதுரை பாசஞ்சர் நாலேகாலுக்கு. இப்போது மணி மூன்று நாற்பது. தட்டு உடைந்தால் ஊரில் வேறு இல்லை. வண்டி போய்விட்டால் அப்புறம் இந்த ஜென்மத்தில்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வாராவாரம் தொடர்கதை எழுதுகிறவன் நான். என் பேனா 'இந்த ஜென்மத்தில்' என்று ஆரம்பித்தால் பின்னால் ஒரு பிணம் விழும். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. 1961 ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, என் தொடர்கதையின் பதினாலாம் அத்தியாயத்தை ஆர்.எம்.எஸ். தபால் ஆபீசில் சேர்க்க ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் கிடந்தது. எடுத்து வைத்து ஏழு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், இதில் எனக்கும் ஒரு சின்ன வேஷம் உண்டு. நல்ல வேஷம் அல்ல.

2

முதலில் பாட்டுக்காரர்.

'சிறுமலைக் காற்றே ஒரு நிமிஷம் நின்று கேட்கும் குரல் அவருக்கு' என்று ஒரு தொடக்கம் எழுதி அடித்தேன். காற்று எங்கே நிற்கிறது?

கொடைரோடு மொக்கைச்சாமி நாடகப் பாட்டுக்காரர். பாட்டும் அவரே கட்டி, மெட்டும் அவரே போட்டு, அவரே பாடுவார் என்று நோட்டீஸில் அச்சடிப்பார்கள். நோட்டீஸில் பாதிதான் நிஜம். மறுபாதி பழனியம்மாள். இருபது வருஷம் அவருக்கு ஜோடியாக மேடை ஏறியவர். மொக்கைச்சாமி முதல் அடியைப் பாடிவிட்டு அடுத்த அடிக்குத் தாடையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அது பழனியம்மாள் வாயிலிருந்து வரும்.

இப்போது ஒரு சங்கதி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிஷம். பாட்டு முடிந்து மிச்சம் இருக்கிற நாலைந்து நொடியில் பாடியவர் தன் பெயரைத் தானே சொல்லுவார். 'நான்தான் கொடைரோடு மொக்கைச்சாமி' என்று. அவர் பதினாலு தட்டுப் பாடினார். பதினாலிலும் அந்தப் பெயர்தான்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. பாரூக்கிடம் பழனியம்மாளே சொன்னது:

"ஒருக்காவாச்சும் என் பேரையும் சேத்துச் சொன்னா என்ன, வாத்தியாரே?"

"நேரம் எங்க இருக்கு, பழனி? என் பேரச் சொல்றதுக்குள்ளயே ஊசி வெளிய வந்துருது."

"கொடைரோட்ட விட்டுட்டா எனக்கு எடம் கெடைக்குமே. ஊரு கோவிச்சுக்கிருமோ?"

"அடுத்த தட்டுல பாப்பம்."

பதினாலாம் தட்டுக்குப் பிறகு அடுத்த நாடகத்துக்குப் பழனியம்மாள் வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் கொடைரோட்டில், பழனியம்மாள் திண்டுக்கல்லில். நடுவே பதினைந்து மைல்.

3

பதினாறு வருஷம் கழித்து, 1959இல், பழைய ரசிகர் ஒருவர் சென்னையில் தட்டுக் கம்பெனி வைத்துவிட்டு மொக்கைச்சாமியைக் கூப்பிட்டனுப்பினார். வயது அறுபத்து மூன்று. நாலு தட்டு, எட்டுப் பாட்டு, கெட்டி அட்டையில் புத்தகம் மாதிரி தைத்து வந்தது. ஆல்பம் என்று கம்பெனி சொன்னது. 'மிச்சப் பாட்டு' என்று மேலே அச்சு. திண்டுக்கல்லில் அதை வாங்கியவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்: பேகம்பூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பாரூக். என் வயசுக்காரன், அதனால் 'அவன்'.

சனங்கள் எப்படிக் கேட்டார்கள்?

டீக்கடையில் கேட்டார்கள்: "என்ன பாரூக்கு, ஆஸ்துமாத் தட்டா?"

கல்யாண வீட்டில் கேட்டார்கள்: "ஏலே, சினிமாப் பாட்டு இல்லையா ஒங்கிட்ட? தாத்தாவ உக்கார வச்சுட்டு வேற ஆளப் போடு."

பூ எடுக்கப் போகிற சிவனம்மாள் மட்டும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிற இடத்துக்கெல்லாம் வந்து நின்று, "அந்த மூச்சு வாங்குற பாட்டப் போடுங்க" என்பாள். ஏன் என்று பாரூக் கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் பேசுவாரு, கடைசில" என்றாள். அவளுக்காக மூன்றாம் பாட்டை ரெண்டு தரம் போடுவான்.

எட்டாம் பாட்டுக்கு வேறு விதமான அதிர்ஷ்டம்.

கமலை மாட்ட அவுத்தாச்சு
கடைசிப் பாத்தி நெறஞ்சாச்சு

என்று ஆரம்பிக்கும். பொழுது சாய்ந்ததும், கிணற்றில் கமலை இறைத்துத் தண்ணீர் பாய்ச்சி முடித்த சம்சாரி வீட்டுக்குத் திரும்புகிற பாட்டு. பாரூக் அதைப் பந்தி முடிகிற நேரத்துக்குப் போட்டுப் பழக்கிவிட்டான். ரெண்டு வருஷத்தில், அந்தப் பாட்டு கேட்டால் இலை எடுக்க ஆள் எழுந்துவிடும். மோர் வாங்காதவர்கள் பதறுவார்கள். ஒரு கலைஞனின் கடைசித் தட்டை ஓர் ஊர் கை கழுவும் மணியாக வைத்துக்கொண்டது.

[இங்கே நான் வருகிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் இசைத்தட்டு மதிப்புரைக்கு ஆள் வரவில்லை, மூன்று வரி எழுதிக் கொடு என்றார்கள். பாரூக் கடையில் உட்கார்ந்து எட்டையும் கேட்டேன். எழுதினேன்: 'மூச்சு முந்தி வருகிறது, பாட்டு பின்னால் நடந்து வருகிறது.' ரொம்ப ரசித்ததாக மூன்று வாசகர் கடிதம் வந்தது. அந்த வாக்கியத்தை இப்போது படிக்கவே கூசுகிறது. அதுவும் பாட்டை முழுசாகக் கேட்காமல் எழுதியது. முழுசாகக் கேட்கவில்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.]

4

ஏனென்றால் ஊசி பாரூக் கையில் இருந்தது.

மைக் செட்டுக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. விசேஷ வீட்டில் குழாய் வாய் மூடக் கூடாது. மூன்று நொடி சத்தம் நின்றால், "செட்டு செத்துப்போச்சா?" என்று ஒருவர் கேட்பார். அந்த வார்த்தை காதில் விழுந்தால் பெண் வீட்டாருக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் பாட்டின் கடைசிச் சொல் விழும்போதே செட்டுக்காரனின் வலது கை ஊசியைத் தூக்கியிருக்கும், இடது கை அடுத்த தட்டை எடுத்திருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அது பாரூக்கின் கையாக இல்லை, கிராமபோனில் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டது.

பழனியம்மாளிடம் கிராமபோன் கிடையாது. குழாய்ச் சத்தம் வருகிற திசைக்கு நடந்து வந்து, பந்தலுக்கு வெளியே நின்று எட்டாம் பாட்டைக் கேட்பார். மூன்று கல்யாணத்தில் பாரூக்கிடம் வந்து ஒரே கேள்வி.

"கடைசில ஏதாச்சும் பேசுறாரா, அப்பு?"

"ஒண்ணும் பேசலம்மா. பாட்டு முடிஞ்சா முடிஞ்சதுதான்."

பாரூக் பொய் சொல்லவில்லை. கேட்டதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் தரம் கேட்டபோது பழனியம்மாள் "சரி" என்றார். அப்புறம், "மதுரையில மக வீட்டோட போய் இருந்துரலாம்னு பாக்குறேன். செவ்வாக்கெழமை சாயங்கால வண்டி. இனி இங்க எனக்கு என்ன இருக்கு?" என்றார்.

(இந்த இடத்தில் பழனியம்மாளைக் கண் கலங்க வைத்திருந்தேன். பாரூக் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "அவங்க அழுகலையே. கடலை வாங்கித் தின்னுக்கிட்டே சொன்னாங்க" என்றான். திருத்திவிட்டேன்.)

5

அந்தச் செவ்வாய் மத்தியானம், சிறுமலை அடிவாரத்தில் ஒரு காதுகுத்து. கடைசிப் பந்தி. எட்டாம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தென்னை மட்டை விழுந்து குழாய் ஒயரை இழுத்துவிட்டது. பாரூக் ஓடிப்போய்க் கம்பத்தில் ஏறினான். ஒயரை அவன் முறுக்கிச் சேர்த்தபோது பாட்டு முடிந்தது. ஊசியைத் தூக்கக் கை அங்கே இல்லை.

வெறும் உரசல் சத்தம். நாலு நொடி. அப்புறம் குழாய் பேசியது.

பந்தியில் ஒருவர் சோற்றுக் கையோடு எழுந்து, "என்னைய யாருப்பா கூப்பிட்டது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாரூக் கம்பத்திலிருந்து குதித்தான்.

என்ன பேசியது என்று இங்கே எழுதப்போவதில்லை. தொடர்கதைக்காரனின் கெட்ட பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணமும் உண்டு: பழனியம்மாள் கேட்கும் முன் நீங்கள் கேட்பது முறையல்ல.

6

நான் ஆர்.எம்.எஸ். ஆபீசிலிருந்து வெளியே வந்தபோது, வேர்வை சொட்டச் சொட்ட பாரூக் பிளாட்பாரத்தில் நின்றான். எதிரே டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் மெலிந்த அம்மாள் ஒருவர். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. பாரூக் டிரங்குப் பெட்டி மேல் கிராமபோனை வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அப்பு இது, ஸ்டேஷனுக்கா காது குத்தப் போற?"

"நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. கடைசில பேசுறாரு."

பழனியம்மாள் முகத்தில் இருந்த கேலி அப்படியே நின்றது. எடுத்து வைக்க இடம் தெரியாத சாமான் மாதிரி.

பாரூக் தட்டை வைத்தான். சட்டைப் பையில் கையை விட்டான். இன்னொரு பையில் விட்டான். ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கிற கைப்பிடியைக் காதுகுத்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

(என் தொடர்கதையாக இருந்தால் ஊசியை மறக்க வைத்திருப்பேன். ஊசி போனால் வேறு வழியே இல்லை. நிஜம் என்னைவிட இரக்கமுள்ளது.)

"கைகாட்டி எறங்கிருச்சு" என்றார் போர்ட்டர், கேட்காமலே.

"தள்ளு" என்று சொல்லிப் பழனியம்மாள் டிரங்குப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலைத் தட்டின் நடுக் காகிதத்தில் ஊன்றி, கையாலேயே சுற்ற ஆரம்பித்தார்.

கையால் சுற்றினால் பாட்டு இழுக்கும், குதிக்கும். யார் சுற்றினாலும் அப்படித்தான். ஆனால் சுற்றுகிற ஆளுக்குப் பாட்டின் நடை தெரிந்திருந்தால்? பழனியம்மாள் முதலில் வேகமாகச் சுற்றினார். அவர் விரலுக்குத் தெரிந்தது மேடை நடை. பிளாட்பாரத்தில் முப்பது வயது மொக்கைச்சாமி கணீரென்று பாடினார். ஒரு அடி, ரெண்டு அடி. பழனியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தானாகவே விரலைத் தணித்தார். குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நரைத்து, மூச்சு வாங்கி, அறுபத்து மூன்றில் வந்து நின்றது. அந்த மூச்சுக்குச் சரியாக இடம் விட்டு விரல் போனது. மூச்சு முந்தவே இல்லை. பாட்டு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்று, எடுத்து, போனது. நான் எழுதிய மூன்று வரியை அங்கேயே தண்டவாளத்தில் போட்டிருக்கலாம்.

வடக்கே புகை தெரிந்தது.

பாட்டின் கடைசிச் சொல் விழுந்தது. பாரூக்கின் வலது கை, பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், தானாக எழுந்து ஊசிக்குப் போனது.

"ஊசியத் தூக்காதடா" என்று கத்திவிட்டேன். எனக்கு அங்கே என்ன உரிமை? ஆனாலும் கத்தினேன். பாரூக் தன் கையைப் பிடித்து இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

பழனியம்மாள் நிறுத்தவில்லை. சத்தமே இல்லாத அந்த இடத்திலும் அதே நடையில் சுற்றினார். இடது கால் பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது வண்டி உள்ளே வந்தது. அத்தனை இரும்புச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தட்டுக்கு மேல் குனிந்து காதை வைத்திருந்த பழனியம்மாளுக்குக் கேட்டது. அது முகத்தில் தெரிந்தது. விரல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, அவருடைய உதடு அசைந்தது. பாரூக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசி நடுக் காகிதத்தைத் தொட்டுக் கரகரத்த பிறகுதான் விரலை எடுத்தார்.

"நல்லாச் சுத்துனேனா?" என்று கேட்டார்.

"சுதி பெசகலம்மா" என்றான் பாரூக்.

7

வண்டி ஏறிய பழனியம்மாள் கையில் மதுரை டிக்கெட். வண்டி மதுரைக்குப் போகும் வழியில் கொடைரோட்டில் நிற்கும். மொக்கைச்சாமி வீடு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம்.

ஒரு முடிவு எழுதினேன்: பழனியம்மாள் இறங்குகிறார், வீட்டை விசாரித்துப் போகிறார், கதவு திறக்கும் முன்னே உள்ளிருந்து பாட்டு கேட்கிறது. கிழித்துவிட்டேன். அவ்வளவு கச்சிதமாக யாரும் பாடிக்கொண்டிருப்பதில்லை.

இன்னொன்று: இறங்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனி ஆள் எதற்கு என்று மகள் வீட்டுக்குப் போகிறார். இதையும் கிழித்தேன். அந்தக் கால் பெருவிரலைப் பார்த்தவன் இதை நம்ப மாட்டான்.

விசாரித்தால் தெரிந்துவிடும். பதினைந்து மைல்தான். ஏழு வருஷமாக நான் விசாரிக்கவில்லை. வண்டி கொடைரோட்டில் மூன்று நிமிஷம் நிற்கும், கிட்டத்தட்ட தட்டின் ஒரு பக்கம். அந்த மூன்று நிமிஷத்தை உங்களிடம் விடுகிறேன்.

8

நான் ஒளித்து வைத்தது ஒன்று பாக்கி. தட்டு இப்போது என் மேஜை மேல் இருக்கிறது, பாரூக் கொடுத்தான். சாவி கொடுத்து, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மற்ற ஏழு பாட்டும் மூன்றேகால் நிமிஷத்தை நிறைத்துக்கொண்டு ஓடுகின்றன. எட்டாவது மட்டும் சீக்கிரம் முடிகிறது. ஒரு சரணத்தை மொக்கைச்சாமி வேண்டுமென்றே விட்டிருக்கிறார். பாட்டு முடிந்து நாலு நொடி உரசல். பிறகு பேச்சு. அதற்குப் பிறகும் பதினோரு நொடி ஒன்றும் இல்லாத இடம், சும்மா, ஒருவருக்காகப் பிடித்து வைத்த மாதிரி. அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. காதுகுத்துப் பந்தியில் எழுந்தவர் பெயர் பழனி.

தட்டு சொன்னது இது:

"இப்ப நேரம் இருக்கு, பழனி. பேர நீ சொல்லு."