லிட்டருக்குப் பதினெட்டு

லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று பதிமூன்றுக்கு இறங்கினால் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? ஒர்க்‌ஷாப்பில் விடுவீர்கள். என் வீட்டில் என்னை விசாரித்தார்கள்.

விசாரித்தது ஒரே ஒருவர்தான், என் கணவர் பிரபின். குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். போன லீவில் வந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கி, எனக்கு ஓட்டவும் சொல்லிக்கொடுத்து, குளச்சலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். ஒவ்வொரு தடவையும் டேங்கை நிறைக்க வேண்டும். மீட்டரையும் பில்லையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவர் அங்கிருந்து வகுத்துப் பார்த்து மைலேஜ் என்னவென்று வாட்ஸ்அப்பில் போடுவார். கல்யாணமான புதிதில் ராத்திரி முத்தம் அனுப்பிய மனுஷன், இப்போது நம்பர் அனுப்பினார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டி எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். மாமாவை, அதாவது பிரபினின் அப்பா சிலுவைமுத்துவை, பிரஷர் பார்க்க நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முட்டத்தில் என் அம்மா வீடு. ஒரு பெண் கார் ஓட்டினால் எங்கள் தெருவில் வலை பின்னுகிறவன்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பான். இதில் நான் எங்கே திருட்டுத்தனமாகப் போவது?

மைலேஜ் குறைந்தபோது முதலில் அவரும் வண்டியைத்தான் குறை சொன்னார். டயரில் காற்றைப் பார் என்றார், பார்த்தேன். ஏ.சி. போடாதே என்றார். சித்திரை வெயிலில் பிள்ளை வெந்து போனாள், போடவில்லை. மூன்றாம் கியரில் இழுக்காதே, பெட்ரோல் போடுகிற பம்பை மாற்று என்று யூடியூபில் கண்டதையெல்லாம் அனுப்பினார். கடைசியில் திங்கள்சந்தை ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள் முழுக்கப் போட்டேன். பில்டரைத் துடைத்தார்கள், பிளக்கை மாற்றினார்கள், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒழுக்கும் கிடையாது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டை அவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். என்ன புத்தி எனக்கு!

அன்று சாயங்காலமே வீடியோ காலில் வந்தார்.

"ஏட்டி பெபி, எனக்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கிலோமீட்டர் ஏறாம இருக்க மீட்டர் வயரக் கழத்திப் போட்டுட்டு எங்க போற?"

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. "மீட்டர் வயரா? எனக்குப் பானட்டத் தொறக்கவே தெரியாது."

"உனக்குத் தெரியாது. கூட வாறவனுக்குத் தெரியும்லா."

சிரிப்பு அப்படியே நின்றது. பெபிஷா என்று கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயருக்கு இதுவரை ஒரு பொட்டு அழுக்குப் பட்டதில்லை. பெட்ரோல் கணக்கை வைத்து அதைப் பூசினார். போனை மெத்தையில் எறிந்துவிட்டு, நெஞ்சு எரிய எரிய அழுதேன். அந்த வாரத்திலிருந்து நான் எங்கே திரும்பினாலும் பின்னால் டெனிஷின் பைக் வந்தது. டெனிஷ் அவர்கூடப் படித்தவன். மெயின் ரோட்டில், பெட்ரோல் பம்புக்கு நேர் எதிரே மொபைல் கடை வைத்திருக்கிறான். சவம், பின்தொடருவதைக்கூட ஒளித்துச் செய்யத் தெரியாமல் ஹாரன் வேறு அடிப்பான்.

பெட்ரோல் போன வழியை நான் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்தேன். ரேஷன் கடையில் ஆளில்லை என்று பாதியில் திரும்பி வந்தேன். முற்றத்தில் காருக்குப் பின்னால் மாமா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். டேங்க் மூடி திறந்து கிடந்தது. வாயில் ஒரு டியூப், காலுக்கிடையில் ஒரு கேன்.

"மாமா!"

பயத்தில் ஒரு மடக்கை விழுங்கிவிட்டார். கண் பிதுங்க இருமினார். தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, மூச்சு வந்த பிறகுதான் கத்தினேன். எழுபது வயது மனுஷன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"சகாயத்துக்க வள்ளத்துக்கு மக்ளே," என்றார்.

நாட்டுப்படகில் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஆனால் கிளப்புவதற்குப் பெட்ரோல் வேண்டும். வலை போட நிறுத்தினால், குளிர்ந்த எஞ்சினைத் திரும்பக் கிளப்ப மறுபடியும் வேண்டும். மண்ணெண்ணெய் வள்ளக்காரன் சகாயத்துடையது, பெட்ரோல் மாமாவுடையது. கரைக்கு வந்து ஏலம் போட்டதும், வள்ளத்துக்கும் ஆளுக்கும் பங்கு பிரிப்பது எங்கள் கடற்கரை வழக்கம். வலை இழுக்கப் பலமில்லாத கிழவன் பங்குக்கு நிற்க வேண்டுமென்றால் எதையாவது கொண்டுவர வேண்டும் அல்லவா? அவர் என் காரிலிருந்து கொண்டுபோனார். காலைப் பூசைக்குப் போகிறேன், அப்படியே கிழவர்களோடு சீட்டு ஆடிவிட்டு வருகிறேன் என்று சொன்னதெல்லாம் இதுதான்.

"பம்புல வாங்கப்பிடாதா மாமா?"

"கேனும் கையுமா பம்புல நின்னா டெனிஷ் பாப்பான். கேன் நெறையதுக்கு முன்னால குவைத்துல தெரிஞ்சிரும்."

குவைத்தில் தெரியக்கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. பிரபினுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஒக்கிப் புயலில் போனவர், உடம்புகூடக் கிடைக்கவில்லை. இனி இந்த வீட்டில் யாரும் கடலில் கால் வைக்கக்கூடாது என்று பிரபின் அப்பாவைக் குருசடிக்கு இழுத்துப்போய், சிலுவையைத் தொட்டுச் சத்தியம் வாங்கியிருந்தார்.

"மூத்தவன் அங்கதான மக்ளே கெடக்கான். ஒருதரம் போயிட்டு வந்தா ஒறக்கம் வருது. கரையில கெடந்தா வரமாட்டேங்கு."

ஆனால் எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறதே. "மாமா, உங்க மவன் என்னைய என்ன கேட்டாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்தீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "திருநாள் கழியட்டும் மக்ளே. கொடியெறங்கினதும் நானே சொல்லுதேன். நீ சொல்லிராத."

நான் சொல்லவில்லை. கோவில் திருநாளில் கொடி ஏறியது, சப்பரம் சுற்றியது, கொடி இறங்கியது. மாமா சொல்லவில்லை. டேங்கிலிருந்து பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த நம்பர் பன்னிரண்டு என்று வந்தது. அதற்குப் பிறகு வந்த கால் இப்படி இருந்தது.

"நீ உனக்க அம்மை வீட்டுக்குப் போ. நான் வந்து பேசிக்கிடுதேன். பிள்ள நம்ம வீட்டுலயே நிக்கட்டும், அப்பா பாத்துக்கிடுவாரு."

பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாய்விட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். டியூப், கேன், சகாயம், வள்ளம், பங்கு எல்லாம்.

"எனக்க அப்பா செத்தாலும் சத்தியத்த மீறமாட்டாரு. அந்த மனுசன் மேல பழி போட உனக்கு நாக்கு எப்பிடிட்டி வளைஞ்சு?"

போனை எடுத்துக்கொண்டு நேராக மாமாவிடம் போனேன். டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். "சொல்லுங்க மாமா."

"அப்பா, நீங்க கடலுக்குப் போறீயளா?"

மாமா என்னைப் பார்த்தார். சுவரில் மாலை போட்டிருந்த மூத்த மகன் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த பன் ஊறி டீக்குள் விழுந்தது.

"இல்ல மக்கா."

"வண்டியில பெட்ரோல் எடுத்தியளா?"

"நான் எதுக்கு மக்கா எடுக்கேன்?"

என் மாதாவே! அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தது போல இந்த உலகத்தில் யாரையும் வெறுத்ததில்லை. டீ கிளாசைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். அது உடைந்த சத்தம் குவைத்துக்கும் கேட்டிருக்கும். "பாத்தியளாப்பா அவளுக்க குணத்த," என்று போன் பேசியது.

மறுநாளே, நான் டேங்கை நிறைத்துக்கொண்டு வந்த கையோடு, டெனிஷ் ஒரு புது டேங்க் மூடியோடு வந்தான். பூட்டு வைத்த மூடி. சாவி அவனிடமே இருக்குமாம். பெட்ரோல் போட வேண்டுமென்றால் அவன் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அவன் வந்து திறக்க வேண்டுமாம்.

"எனக்க மேல வருத்தப்படாதீங்க மைனி, பிரபின் சொன்னான்," என்று சொல்லிக்கொண்டே திருகினான். பக்கத்து வீட்டு வாசல்களில் எல்லாம் ஆள் நின்றது. என் கார் டேங்கில் போட்ட பூட்டு எதற்கு என்று யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூட்டையே பார்த்தார்.

"இப்ப திருப்தியா மாமா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்கத்தில் கிடக்கிறார், கிடக்கட்டும், என்றாவது உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. கேனில் மிச்சமிருந்த பெட்ரோல் அடியோடு அடியாகக் கிடந்தது. சகாயத்துக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கென்று போனவர் பத்து மணிக்கும் வரவில்லை. பதினொரு மணிக்குக் கோவில் மணி அடித்தது. பூசை இல்லாத நேரத்தில் மணி அடித்தால் எங்கள் ஊரில் எல்லாரும் கடற்கரைக்குத்தான் ஓடுவார்கள். நானும் செருப்பில்லாமல் ஓடினேன். சகாயம் ஒரு காலிக் கேனை அக்குளில் இடுக்கியபடி நீந்திக் கரையேறியிருந்தான். மாமா மறுநாள் காலையில் வாணியக்குடிப் பக்கம் ஒதுங்கினார்.

பிரபின் வந்தார், அடக்கம் முடிந்தது. அன்று சாயங்காலம், தலையில் கட்டோடு சகாயம் வீட்டுக்கு வந்தான். தரையில் உட்கார்ந்து, பிரபின் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"போகச்சில எஞ்சின்ல பழைய பெட்ரோல் கெடந்து, கெளம்பிட்டு. வலயப் போட்டு ஆஃப் பண்ணினேன். காத்து மாறிச்சு, எடுப்போம்னு கயித்த இழுத்தா கெளம்பல. பெட்ரோல் தீந்துட்டு. அவருக்க கேன்ல இருந்து ஊத்தினேன். கையித் தோலு உரியது வர இழுத்தேன் மக்கா, சீறக்கூட இல்ல. கேன மணத்துப் பாத்தா மண்ணெண்ணெய். கொஞ்சம் பெட்ரோல்ல அத ஊத்தி நெறச்சு வச்சிருக்காரு. சூட்டு எஞ்சின்னா பிடிக்கும், தணுத்துக் கெடக்குத எஞ்சின் பிடிக்குமா? 'என்ன ஓய் இப்பிடிச் செஞ்சீரு'ன்னு கேட்டேன். 'வண்டியப் பூட்டிட்டானுவ மக்கா, கேன் காலியா வந்தா நீ ஏத்தமாட்டியே'ன்னாரு. அப்பதான் வள்ளம் பாறையில அடிச்சு."

சகாயம் தலையிலேயே அடித்துக்கொண்டான். "வெறுங்கையோட வந்தாலும் ஏத்தியிருப்பேனே. அவருக்க பெட்ரோலுக்கா நான் அவர ஏத்தினேன்?"

பிரபின் பக்கத்தில் நின்ற டெனிஷ் பையிலிருந்து அந்தச் சின்னச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனான். பிரபின் என்னிடம் ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. ஏழாம் நாள் பூசையும் முடிந்தது, சொல்லவில்லை. சாவியை மட்டும் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்த நாட்களில் கார் சும்மா நிற்கவில்லை. ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம், நாகர்கோவில், ஏர்போர்ட்டிலிருந்து சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தது என்று ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் திரும்பக் குவைத்துக்குப் போகிற அன்று, வழியில் பம்பில் நிறுத்தினார். இறங்கி, தானே பூட்டைத் திறந்து டேங்கை நிறைத்தார். ஏறி உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் கை போனை எடுத்தது. மீட்டரைப் போட்டோ எடுத்தார், பில்லைப் பார்த்தார், வகுத்தார். பிறகு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்குத் தெரியும்.

"பதினெட்டு வருது," என்றார், எனக்குக் கேட்டும் கேட்காமலும்.

"வரும்," என்றேன். "இனிமே கொறையாது."

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெட்டியில் அப்பாவைப் பார்த்தபோதுகூட அப்படி அழவில்லை. முதுகில் கை வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கை எழும்பவில்லை. பின்னால் பெட்ரோல் போட நின்ற ஆட்டோக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"வண்டிய எடுங்க," என்றேன்.