பொதுச் சுவர்

மாமனார் விட்டுப்போன வீட்டை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியபோது, முனைப் பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் மூத்த மருமகள். அவள் தையல்காரி. இளையவளுக்கு உள்பக்கத்து இருட்டு வீடு.

"வெளிச்சம் உங்களுக்குத்தான் வேணும்க்கா, தைக்கிறீங்கல்ல," என்று சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள் இளையவள். அந்தச் சிரிப்பே மூத்தவளுக்குப் பிடிக்கவில்லை.

பல வருடம் கழித்து, தெருவில் பாதியை அரசாங்கம் எடுத்து வணிக வளாகம் கட்ட ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது என்று ஆனது. மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அளக்க வந்தவர்கள் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டார்கள். கோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் விழுந்தது. மூத்தவள் வீடு உள்ளே. இளையவள் வீடு வெளியே.

வீடு போகிறதே என்று அழக்கூட மூத்தவளுக்குத் தோன்றவில்லை. வயிறு எரிந்தது. வளாகத்தின் வாசல் இளையவள் வீட்டுக்கு எதிரேதான் வருமாம். "உனக்கென்னம்மா, இனிமே உக்காந்த இடத்துல வியாபாரம்," என்று காய்கறிக்காரி சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. கொழுந்தன் முன்னறையில் கடை போடப் பலகை அலமாரி செய்யச் சொல்லிவிட்டான்.

சாமான் கட்ட உதவிக்கு வந்த இளையவள், "மிஷினை எங்க முன்னறையிலயே போட்டுக்குங்கக்கா. ஒரு ஓரமா அலமாரி, ஒரு ஓரமா நீங்க," என்றாள்.

பிச்சை போடுகிறாள் என்றுதான் மூத்தவளுக்குப் பட்டது.

மறுநாள் கம்பெனி இன்ஜினியர் வந்தார். ஆண்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மேலே தளத்தைப் பார்த்தவர் மூத்தவளிடம் கேட்டார்: "ரெண்டு வீட்டுக்கும் ஒரே தளமா? இதை அறுத்துப் பிரிச்சா அந்தப் பக்கம் நிக்குமா?"

நிற்கும். கொத்தனாரான அவள் புருஷன் முந்தின நாள்தான் தம்பிக்குத் தைரியம் சொல்லியிருந்தார்: "முட்டுக் கொடுத்து அறுத்தா ஒரு கீறல் விழாது."

"நிக்காது சார்," என்றாள். "சுவரும் பொது, தளமும் பொது. இதை இடிச்சா அதுவும் சரிஞ்சிடும். எங்க வீட்டுக்காரர் கொத்தனார், அவரே சொன்னார்."

இன்ஜினியருக்கு அது வசதியாகவே இருந்தது. வளாகத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் போதவில்லை. அடுத்த வாரமே கோடு இளையவள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

கொத்தனார் ஆபீசுக்கு ஓடினார். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "நான் சொன்னேன்னு சொன்னியாமே?"

அவள் ஊசியில் நூல் கோத்தபடி இருந்தாள்.

"நான் எவ்வளவு சொல்லியும் அவங்க கேக்கல. இடத்தை எடுத்தது எடுத்ததுதானாம்." தம்பியிடம் அவர் இதைச் சொல்லவில்லை.

இடித்த அன்று புது அலமாரி தெருவில் நின்றது. கொழுந்தன் அதன் பலகையைத் தடவிக்கொண்டே நின்றான். இளையவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது மூத்தவள் அன்றுதான் பார்த்தாள். ஆசை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

ஊர்க்கோடியில் அரசாங்கம் கொடுத்த குடியிருப்பில் இருவருக்கும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு கிடைத்தது. இளையவள் வீட்டில் வெயில் கொட்டியது. மூத்தவளின் ஜன்னலைப் பக்கத்துக் கட்டடம் மறைத்தது.

"ஒரு வகையில நல்லதாப் போச்சுக்கா," என்றாள் இளையவள், மிஷினின் மறுமுனையைத் தூக்கிக்கொடுத்தபடி. "நீங்க இல்லாம அங்க நாங்க மட்டும் எப்படி இருந்திருப்போம்? கோட்டை மாத்தின புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்."

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். சொல்லிவிடுவாளோ என்று காத்திருப்பது போலிருந்தது அந்தப் பார்வை. அவள் மிஷினை இறக்கிவைத்தாள், பெல்ட்டைச் சரிசெய்தாள்.

சாயங்காலத்துக்குள் அந்த மாடிப் பெண்கள் எல்லாரும் எதிர்வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். வந்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் என்ன சிரிப்பு! "அக்கா, நீங்களும் வாங்க!" என்று இளையவளின் குரல் கேட்டது.

"வேலை இருக்கு," என்றாள் மூத்தவள். தைப்பதற்குத் துணி எதுவும் வந்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.