வேங்கைமலையின் திவான்

வேங்கைமலைச் சமஸ்தானத்துக்குள் நுழைபவர்கள் பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, கைத்தொலைபேசியை, ஆட்டத்தை நடத்தும் மார்த்தே நீட்டும் துணிப்பைக்குள் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒஸ்லோ இல்லை. காட்டோரத்தில் நின்ற அந்தப் பழைய மரவீட்டின் யன்னல்களுக்கெல்லாம் மஞ்சள் நிற மெல்லிய தாள் ஒட்டியிருந்தார்கள். பனியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் உள்ளே வரும்போது பின்னேர வெயிலாகியிருந்தது. இரும்பு அடுப்பில் விறகு விடாமல் எரிந்ததால் சட்டைக்குள் வியர்த்தது. மணிக்கூடு ஒன்றும் கிடையாது.

நோர்வேக்காரர் இதை லாய்வ் என்பார்கள். பார்ப்பதற்கு ஆளில்லாத நாடகம் என்று சொல்லலாம். பத்திருபது பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வார இறுதி முழுவதும் அந்த ஆளாகவே உண்டு உறங்குவார்கள். வசனம் எழுதித் தரப்படுவதில்லை. என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆரபியோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எய்ரிக்குக்கு இதில் பைத்தியம். மார்த்தே இம்முறை உருவாக்கியிருக்கும் கதை பிரித்தானியர் காலத்து இந்தியாவில், கற்பனையான ஒரு சமஸ்தானத்தில் நடக்கிறது என்றும், ஆரபியும் அவள் கணவன் கபிலனும் வராவிட்டால் வெள்ளைக்காரர்கள் மட்டும் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்று வெட்கப்பட வேண்டிவரும் என்றும் அவன் கெஞ்சியிருந்தான்.

ஆரபி சம்மதித்ததற்குக் காரணம் வேறு. வடக்கே ஏழு மணி நேரப் பயணத்திலிருக்கும் துரொண்ட்ஹெய்மில் ஓர் ஆய்வுகூடத்தின் பொறுப்பை அவளுக்குத் தர முன்வந்திருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அதைப் பற்றிக் கதைத்தது ஒரே ஒரு தடவைதான். கபிலன் ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் மின்சார வேலைகளுக்கு ஒரு சிறிய நிறுவனம் நடத்துகிறான். மகள் யதுர்ஷா இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். வீடு வாங்கி அதிக காலமாகவில்லை. அவள் செய்தியைச் சொன்னபோது அவன் கையிலிருந்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உம்மட விருப்பம்" என்றான். அவள் அவன் முதுகைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. இரண்டு நாளைக்கு வேறு யாராகவாவது இருந்து பார்த்தால் மனம் தெளியலாம் என்று நினைத்தாள். பிள்ளையை ஸ்டோவ்னரில் கபிலனின் அக்கா தேவிகாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள்.

பாத்திரங்களைச் சீட்டு எடுத்துப் பிரித்தார்கள். செம்பட்டைத் தாடி வைத்த எய்ரிக் புதிதாகப் பட்டத்துக்கு வந்த இளம் ராஜாவானான். ஆரபிக்குத் திவான் பதவி விழுந்தது. கபிலனுக்கு வந்தது ரெசிடென்ட், சமஸ்தானத்தில் பிரித்தானிய அரசின் பிரதிநிதி.

"கடைசியிலை என்னை வெள்ளைக்காரனாக்கிப் போட்டாங்கள்" என்றான் கபிலன்.

மார்த்தே ஒவ்வொருவரையும் தனியே கூட்டிப்போய் அவரவர் பாத்திரத்தை விளக்கினாள். திவானின் வேலை நிர்வாகத்தைச் சீர்திருத்துவது. வேங்கைமலையில் வரி வசூல் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. குத்தகைக்காரர்கள் அரண்மனைக்குக் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு, குடிமக்களிடம் தாங்கள் நினைத்ததைப் பிடுங்கினார்கள். முறையிடப் போனால் அதே குத்தகைக்காரர்தான் நீதிபதி. திவான் அவர்களை நீக்கிவிட்டுச் சம்பளத்துக்கு அதிகாரிகளை வைக்க வேண்டும், தனியே ஒரு நீதிமன்றம் அமைக்க வேண்டும். கடைசி நாள் தர்பாரில் ராஜா கையெழுத்திடுவார். அதற்கு முன் ரெசிடென்டின் இசைவு வேண்டும். ரெசிடென்ட் உத்தரவிடுவதில்லை, ஆலோசனை மட்டும் சொல்பவர். ஆனால் அவர் மேலிடத்துக்கு எழுதும் இரண்டு வரியில் ஒரு திவானின் உத்தியோகம் போய்விடும் என்பது அரண்மனைச் சமையற்காரனுக்கும் தெரிந்த விஷயம்.

ரெசிடென்ட் மேல்மாடியில் தங்கியிருந்தார். நாட்டு மொழி படித்தவர் என்று மார்த்தே வைத்திருந்ததால் அவரும் திவானும் தமிழில் கதைக்கலாம். ஆரபி வெள்ளைத் தலைப்பாகையோடு படியேறினாள். கறுப்புக் கோட்டுப் போட்டு, தலையை நடுவகிடெடுத்து வாரியிருந்த கபிலன் எழும்பி நின்று, கதிரையைக் காட்டி, "இருங்கோ, திவான்" என்றான். வீட்டில் அவளை நீர் என்பவன். அந்த மரியாதை அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அவள் குத்தகைமுறையைப் பற்றி விரிவாகச் சொன்னாள். தனக்கே தெரியாத வேகத்தோடு சொன்னாள். விதைநெல்லையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள், அடுத்த போகத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டாள். கபிலன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"குத்தகைக்காரர் எல்லாம் ராஜாவின்ரை சொந்தக்காரர் எல்லோ?"

"ஓம்."

"ம்" என்றான். மஞ்சள் யன்னலின் பக்கம் திரும்பினான்.

அந்த 'ம்' அவளுக்குப் பழக்கமானது. அதன் நீளத்தை வைத்து அவளால் ஒரு வாரத்துக் காலநிலையைச் சொல்ல முடியும். "அவசரம் ஒண்டுமில்லை. அடுத்த வருசம் பாக்கலாம்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிற்று.

அவன் திரும்பி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "வேறை ஏதும் கதைக்க இருக்கோ, திவான்?"

போகலாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

நேரம் அதற்குப் பிறகு கலங்கிப்போயிற்று. வெளிச்சம் மங்கியது, விளக்கேற்றினார்கள், ஏலக்காய் போட்ட தேநீர் வந்தது. விவசாயப் பெண்ணாக வந்த ஒரு நோர்வேக்காரி திவானின் முன்னால் முழங்காலிட்டு, வெறுமையான சாக்கைத் தலைகீழாக உதறிக் காட்டினாள். அதிலிருந்து விழுந்த தூசு விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் மிதந்தது. கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தபோது வீடு அதிர்ந்தது. "இடி முழங்குகிறது, மழை வரப்போகிறது" என்று யாரோ சொல்ல, குடிமக்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஆரபியும் பார்த்தாள். அந்தக் கணம் அவளுக்கு மழை வேண்டியிருந்தது.

உறக்கத்தில் அவள் வேங்கைமலையின் ஆற்றைக் கண்டாள். நேர்முகத்துக்குப் போனபோது துரொண்ட்ஹெய்மில் பார்த்த ஆறு அது. கரையோரம் கால்கள் ஊன்றி நின்ற சிவப்பு மர வீடுகளுக்குக் கீழால் ஆட்கள் நெல் மூட்டைகளைச் சுமந்து நடந்தார்கள். தண்ணீர் முழங்காலளவுதான். திவான் கையெழுத்து வைத்தால் இக்கரைக்கு வந்துவிடலாம் என்று ஒருவன் அவளிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் பேனாவைத் தேடினாள். பேனா கையில்தான் இருந்தது. ஆனாலும் தேடிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் நீதிமன்ற விஷயத்தை எப்படியும் கதைத்து முடிப்பது என்று தீர்மானித்துக்கொண்டு படியேறினாள். கபிலன் அவளுக்கு முதலே எழும்பி நின்றிருந்தான். மேசையில் தேநீர் ஆறிக்கிடந்தது. அவள் கதிரையில் இருந்ததும் இருக்காததுமாக, தலைநகருக்கு மட்டும் ஒரு நீதிமன்றம் வைக்கலாம், மற்ற ஊர்களுக்குப் பிறகு யோசிக்கலாம் என்று தொடங்கினாள். அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் புருவம் சற்று உயர்ந்தது. தலைநகரிலும் உடனே வேண்டாம், முதலில் ஆட்களைப் பழக்குவோம் என்று அவளே குறைத்தாள்.

"வேறை ஏதும்?" என்றான் அவன். குரல் கொஞ்சம் கனத்திருந்தது.

"இல்லை."

தர்பார் கூடியது. எய்ரிக் காகிதக் கிரீடத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். திவான் எழுந்து, இந்த ஆண்டின் சீர்திருத்தமாக அரண்மனைச் சேவகர் எல்லோருக்கும் புதிய இடுப்புப்பட்டி வழங்கப்படும் என்று அறிவித்தாள். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று அவளுக்குக் கேட்டது. ராஜா கையெழுத்திட்டார். வெறுஞ்சாக்கை வைத்திருந்த பெண் அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மார்த்தே மணியை அடித்தாள். யன்னல் தாளை யாரோ கிழித்தார்கள். வெளியே வெள்ளையாக நோர்வே நின்றது.

ஆட்டம் முடிந்தால் எல்லோரும் சொந்த உடுப்பில் வட்டமாக இருந்து, தங்களுக்குத் தரப்பட்டிருந்த இரகசியத்தைச் சொல்வது வழக்கம். கபிலனின் முறை வந்தபோது அவன் கம்பளத்தைப் பார்த்தபடி நோர்வேஜிய மொழியில் சொன்னான். ரெசிடென்டின் மேலிடம் சீர்திருத்தத்தை விரும்பியது. அதனால் திவான் எதையாவது இரண்டாம் முறை நேரே கேட்டால், அவர் இசைந்தே ஆக வேண்டும். அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. எல்லோரும் சிரித்தார்கள். எய்ரிக் ஆரபியின் தோளில் தட்டினான். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

காட்டுப் பாதையில் வாகனம் மெதுவாக ஊர்ந்தது. மரங்கள் பனியைச் சுமந்துகொண்டு இரு பக்கமும் அசையாமல் நின்றன.

"ஒருக்காத் தலையாட்டியிருந்தாலே போதும்" என்றாள் ஆரபி.

"காட்டக் கூடாதெண்டு விதி. ஒவ்வொருக்காவும் வேறை ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான் தானே?"

"போகச் சொல்லுறியள் எண்டு நினைச்சன்."

"படியிலை கால் சத்தம் கேட்டால் எழும்பி நிப்பன். இந்த முறை கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "வீட்டிலையும் அப்பிடி ஒரு விதி இருக்கோ?"

"என்ன கேக்கிறீர்?"

"துரொண்ட்ஹெய்ம்."

"உம்மட விருப்பம் எண்டு சொன்னனான்."

"அது பதில் இல்லை, கபிலன். உங்கடை மனசிலை என்ன இருக்கெண்டு நானே நினைச்சு, நானே விட்டுக்குடுத்து, பிறகு உங்களோடை கோவிச்சுக்கொண்டு திரியிறன். நான் பாடின பாட்டுக் குழுவையும் அப்பிடித்தான் விட்டனான்."

"நான் விடச் சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. ஒண்டுமே சொல்லேல்லை."

கபிலன் ஒரு பேருந்துத் தரிப்பிடத்தில் வாகனத்தை ஒதுக்கினான். கண்ணாடி துடைப்பான் இரண்டு தரம் வறட்டுச் சத்தம் போட்டது. அவன் அதை நிறுத்தினான்.

"எனக்கு விருப்பமில்லை" என்றான். "நீர் போறது எனக்கு விருப்பமில்லை. பிள்ளைக்கு இஞ்சைதான் சிநேகிதர். என்ரை வேலை இஞ்சை. அதைச் சொன்னால் நான் மறிச்சதாப் போகும் எண்டு சொல்லாமல் இருந்தனான்."

இவ்வளவு காலமும் அவள் பயந்துகொண்டிருந்த சொல் இதோ வாகனத்துக்குள், இருவருக்கும் நடுவில், ஒரு மனிதரின் சாதாரண விருப்பமின்மையாக இருந்தது. அதற்குப் பதில் சொல்ல முடியும்.

"நான் போறன்" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"பிள்ளை என்னோடை வாறதோ, உங்களோடை நிக்கிறதோ, நீங்களும் வாறதோ, எல்லாம் கதைப்பம். எவ்வளவு நேரமெண்டாலும் இருந்து கதைப்பம். போறதோ இல்லையோ எண்டது முடிஞ்சுது."

மடியிலிருந்த தொலைபேசியை எடுத்து, பொறுப்பை ஏற்கிறேன் என்று இரண்டு வரி எழுதினாள். ஒரு சொல்லைத் திருத்தினாள். அனுப்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஆர் பாக்கப்போகினம்" என்றான் கபிலன்.

"நாளைக்குப் பாக்கட்டும்."

அவன் வாகனத்தைத் திரும்பத் தெருவில் எடுத்தான். ஸ்டோவ்னரின் உயர்ந்த கட்டடங்கள் தெரிந்தன. கீழ்மாடிகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அக்காவின் வாசலுக்கு வந்து இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அவன் வாகனத்தின் திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"என்ரை வேலை வானுக்குள்ளை கட்டில் போகாது" என்றான் எரிச்சலோடு. "மேசை போகும். கட்டிலை அங்கை வாங்கவேணும்."