படத்தைச் சுற்றிய பல்பு

என் மனைவி ஸ்ரீவித்யாவின் முதல் வருஷ காரியம் தாம்பரத்தில் சாஸ்திரிகள் வீட்டில் முடிந்தது. பிறகு எல்லோரும் பெருங்களத்தூருக்கு, தன் வீட்டுக்கு வரவேண்டும் என்றாள் அவள் அக்கா நாகலக்ஷ்மி. துக்கத்தில் பங்குகொள்ள அல்ல. என் பிள்ளையைத் தானே வைத்துக்கொள்வதாக அறிவிக்க நாலு சாட்சி வேண்டியிருந்தது.

ஸ்ரீவத்சனுக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை. ஒத்துக்கொள்ளாதது நடந்தால் தலையைத் தரையில் மோதுவான், தடுத்தால் கடிப்பான். டாக்டர் ஆட்டிசம் என்றார். நாகலக்ஷ்மி "செல்லம்" என்றாள்.

கூடத்தில் வித்யாவின் படம். சட்டத்தைச் சுற்றி சிவப்பும் பச்சையுமாக மினுக்கும் சீரியல் பல்பு, பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கியது. வித்யா பார்த்திருந்தால் பிடுங்கி எறிந்திருப்பாள்.

வத்சு அந்தப் பக்கம் பார்த்தான். உட்கார்ந்து தலையை மோத ஆரம்பித்தான். என் உள்ளங்கையைக் கீழே கொடுத்தேன்.

"பாருங்கோ, அம்மாவப் பாத்ததும் எப்படித் துடிக்கறது!" நாகலக்ஷ்மியிடம் கண்ணீர் தயாராக இருந்தது. அவனைப் பிடுங்கித் தூக்கி, முகத்தைப் படத்தோடு ஒட்டவைத்தாள். "அம்மாடா கண்ணா, முத்தா குடு."

அவள் தோளில் பல் பதிந்தது.

"வளக்கற விதம்," என்றார் அவள் கணவர் ராஜகோபாலன். தன் பிள்ளையை ஹாஸ்டலில் வளர்த்தவர். "ஆம்பளை தனியா எத்தனை நாள் சமாளிப்பேள் உமேஷ்? இங்க விடுங்கோ. ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடுவான்."

உறவினர்கள் எள்ளுருண்டையை மென்றபடி தலையாட்டினார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக் கொலுவிலும் இதே மாதிரி பல்புதான், இதே மோதல்தான். நான் போய் ஸ்விட்சை அணைத்தேன். வத்சுவின் உடம்பு தளர்ந்தது. அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிக் காலை நக்கினான்.

"இன்னிக்குப் போயா அணைப்பா?"

"அவனுக்கு அந்த மினுக்கல் ஆகாதுக்கா."

"அப்போ... அம்மாக்காக அழலையா?"

"இல்ல."

அவள் முகம் தொங்கியது. இவ்வளவு பேருக்கு முன்னால் அவளுக்கு வேண்டியது, தாய்க்காக அழுகிற குழந்தை.

"நீங்க சொல்றது நெஜமான்னு பாத்துடலாம்," என்று ராஜகோபாலன் ஸ்விட்சைத் தட்டினார்.

டொக். வத்சுவின் தலை தரையில்.

"அட, ஆமாம்!" ராஜகோபாலன் இன்னொரு தடவை தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார். அதற்குள் நான் பிள்ளையைத் தூக்கிவிட்டேன்.

"சாப்பிடாமப் போகப்படாது! பேச வேண்டியது இருக்கு!"

"பேசியாச்சுக்கா. என்கூடத்தான் இருப்பான்."

படியிறங்கும்போது என் தோளையும் கடித்தான். நன்றாகவே வலித்தது.